ஹெச்.எம். தின்ற புல்

"ஏம்பா, உம் பொண்ணு படிக்குதா, இல்ல மனப்பாடமா ஒப்பிக்குதா?"

இப்படிக் கேட்டவர் வாழைத்தோட்டத்து மேஸ்திரி. அப்போது எனக்குப் பத்து வயது. ஜீயபுரத்தில் வாய்க்காலை ஒட்டிய அந்தத் தோட்டத்தில் அப்பா கூலிவேலை பார்த்தார். மேஸ்திரிக்கு நான் அங்கேயே பதில் கொடுத்தேன். நல்ல சத்தமாகக் கொடுத்தேன். அந்தப் பதிலில் என்ன கோளாறு என்பதைப் பிறகு சொல்கிறேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்றாலும் நேராக அங்கே போக எனக்குத் தெம்பில்லை. வீட்டைச் சுற்றிவிட்டு வருவோம்.

வீடு என்றால் ஸ்ரீரங்கத்தில் ஒரு மாடிப் போர்ஷன். ஒரு ஹால், ஒரு சமையலறை, துணி காயப்போட ஒரு துண்டு மொட்டைமாடி. போன ஒரு வாரமாக இந்த வீட்டை ஒரு முயலுக்காகத் தயார் செய்துகொண்டிருக்கிறேன். முயல் இன்னும் வரவில்லை. நானும் வேலைக்குப் போய் வந்து, சோறு வடித்து, தரையில் முழங்கால் போட்டு, முயல் உயரத்திலிருந்து வீட்டைப் பார்க்கிறேன். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் வீடு வேறு மாதிரி இருக்கிறது. பிரிட்ஜுக்குப் பின்னால் ஒரு பேனா கிடைத்தது. நான்கு வருடமாக நான் கூட்டாத மூலை ஒன்று இருப்பது தெரிந்தது. சுத்தக்காரி என்று என்னைப் பற்றி நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஏன் முயல் என்று கடையில் கேட்டார்கள். நான் புத்தூரில் ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்டாக இருக்கிறேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். கல்லூரி போனதும் நான்தான். இதைச் சொல்லாமல் என்னால் யாரிடமும் அறிமுகமாக முடியாது, மன்னித்துக்கொள்ளுங்கள். ஏன் முயல் என்ற கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. கூட வேலை பார்க்கும் பெண்ணின் சித்தப்பா திருவெள்ளறைப் பக்கம் முயல் வளர்க்கிறார். குட்டிகளைப் போனில் படம் காட்டினாள். "ஒண்ணு எனக்குச் சொல்லி வை" என்றேன். சொன்ன பிறகுதான் சொன்னது என் காதில் விழுந்தது. ஆசை என்று இதைச் சொல்ல முடியாது. பல் வலிக்கிற இடத்தை நாக்கு போய்த் தொட்டுக்கொண்டே இருக்குமே, அந்த மாதிரி.

முதல் வேலை வீட்டுக்கார மாமியிடம் அனுமதி வாங்குவது. மாமி கீழே குடியிருக்கிறார். எனக்கு வீடு கொடுக்கும் முன் இரண்டு சாயங்காலம் கேள்வி கேட்டவர். அப்பா என்ன செய்கிறார், என்ன சாப்பிடுவோம், ஊரிலிருந்து வருகிறவர்கள் எதையாவது கொண்டுவந்து சமைப்பார்களா என்றெல்லாம். நல்ல மனுஷி, ஆனால் கேள்வி கேட்டுவிட்டுத்தான் நல்லவராக இருப்பார்.

"முயலா? அது எதை சாப்பிடும்டிம்மா?"

"புல்லு, கீரை, கேரட் மாமி. சுத்த சைவம்."

"வெங்காயம்?"

"வெங்காயம், பூண்டு ரெண்டும் அது கிட்டயே காட்டக்கூடாது மாமி. ஒத்துக்காது."

மாமி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். "அப்போ உன்னைவிட ஆசாரமா இருக்கும் போலிருக்கே! பேஷா அழைச்சுண்டு வா."

இரண்டு சாயங்காலம் எனக்கு. இரண்டு நிமிஷம் முயலுக்கு. நான் சிரித்துவிட்டேன். மாடிப்படி ஏறும்போது சிரிப்பு நின்றுவிட்டது. ஆனால் கோபமும் வரவில்லை. இப்போதெல்லாம் பாதி வழியில் எல்லாம் நின்றுவிடுகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்தார். ஒயர்களை முயல் கடித்துவிடும் என்று போனில் சொல்லியிருந்தேன். "நீ ஒண்ணும் வாங்காத பாப்பா, நான் கொண்டாறேன்" என்றார். தோட்டத்தில் வேண்டாமென்று கழித்துப்போட்ட சொட்டுநீர்க் குழாயைச் சுருட்டி ஒரு பையில் கொண்டுவந்தார். அதை நீளவாக்கில் கீறி, பிரிட்ஜ் ஒயருக்கும் மிக்ஸி ஒயருக்கும் சட்டை மாட்டுகிற மாதிரி மாட்டிவிட்டார். தரை சிவப்புச் சிமெண்டு, முயலுக்குக் கால் வழுக்கும். அதற்குச் சாக்கு விரித்தார். கட்டிலுக்கு அடியில் புகாமல் ஒரு பலகை. சமையலறை வாசலுக்குக் கம்பிவலை. காஸ் அடுப்புக்குப் பின்னாலிருந்த இடுக்கைப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள போனா நீயும் நானும் உள்ள போவ முடியாது" என்று அதையும் அடைத்தார். அவ்வளவையும் செய்துவிட்டு இன்னொரு பையைத் திறந்தார். அந்த வாசனை வந்தது.

வாழைமட்டை. அப்போதுதான் உரித்தது. நறுக்கென்ற பச்சை வாசனை, கொஞ்சம் துவர்ப்பு, கொஞ்சம் கிணற்றுத் தண்ணீர். உங்களுக்குத் தெரிந்திருக்கும்: வாழைமரத்தை வெட்டிச் சாய்த்தபின் அதன் மட்டைகளை ஒவ்வொன்றாக உரித்தால் உள்பக்கம் சில்லென்று இருக்கும். உச்சி வெயிலிலும் கையை வைத்தால் குளிரும். திருச்சி வெயிலில் முயல் தாங்காது, அதற்கு ஐஸ் பாட்டிலைத் துணியில் சுற்றி வைக்கலாம் என்று நான் போனில் பார்த்து வைத்திருந்தேன். அப்பா எதையும் பார்க்கவில்லை. மட்டையை மூலையில் கவிழ்க்காமல், குழிந்த பக்கம் மேலே தெரிய வரிசையாகப் பரப்பினார். பதினாறு வருடத்துக்கு முன்னால் பரப்பிய அதே மாதிரி.

அப்போது எங்கள் வீட்டில் இருந்த முயலுக்குப் பெயர் ஹெச்.எம்.

பெயர் வைத்தது நான். எங்கள் தலைமை ஆசிரியர் வகுப்புக்குள் வந்தால் பேசமாட்டார். வாசலில் நின்று மூக்கை மட்டும் இரண்டு தடவை சுருக்குவார். நாற்பது பேரும் அடங்கிவிடுவோம். இந்த முயலும் அப்படித்தான். சத்தமே கிடையாது, மூக்கு மட்டும். அம்மாவுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. "எச்சமு" என்று கூப்பிடுவாள். ஒருநாள் நான் அந்த நிஜ ஹெச்.எம். முன்னால் நின்று திருதிருவென்று விழித்ததற்கு இந்தப் பெயர்தான் காரணம். "ஹெச்.எம். கூப்பிடுறார்" என்று யாரோ சொன்னதும் எனக்குப் புல் ஞாபகம் வந்துவிட்டது.

தோட்டத்து முதலாளி வீட்டில் யாரோ ஆசைப்பட்டு வாங்கி, ஆசை தீர்ந்தபின் "நீ கொண்டுபோய்யா" என்று அப்பாவிடம் கொடுத்த முயல் அது. சாம்பல் நிறம், ஒரு காது மட்டும் நுனியில் வெள்ளை. எங்கள் வீட்டுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மத்தியானத்தில் உள்ளே இருப்பது இட்லிக் கொப்பரைக்குள் இருப்பது போல. முயலுக்கென்று எங்களிடம் இருந்தது ஒரு தக்காளி டிரேதான். அப்பா முதல் நாளே அதைப் பார்த்து, "இது வெந்துபோயிடும்" என்றார். அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வரும்போதெல்லாம் புது மட்டை நாலு அக்குளில் இடுக்கிக்கொண்டு வருவார். பழையதை எடுத்து, புதியதைப் பரப்பி, ஹெச்.எம்.மை இரண்டு கையாலும் தூக்கி அதன்மேல் வைப்பார். அது உடனே வயிற்றைப் பரப்பிக்கொண்டு கால்களை நீட்டிப் படுக்கும். அதைப் பார்த்தபின்தான் அவர் கை கழுவிச் சோற்றில் உட்காருவார்.

அவருடைய கையைப் பற்றிச் சொல்லவேண்டும். வாழையில் வேலை பார்க்கிறவர்கள் கையெல்லாம் கறுப்பாக இருக்கும். வாழைக்கறை. எந்த சோப்புக்கும் போகாது. அப்பாவின் உள்ளங்கை ரேகைகள் எல்லாம் மையால் வரைந்தது போல இருக்கும். ரேஷன் கடையில் கைநாட்டு வைக்கும்போது, "மை வேணாம், அப்படியே வைங்க" என்று ஒருவர் கேலி செய்தது நினைவிருக்கிறது. அந்தக் கை அந்த முயலின் முதுகு முழுவதையும் மூடிவிடும்.

ஹெச்.எம். என்னுடைய அறிவியல் புத்தகத்தின் ஒரு மூலையைத் தின்றது. "அதுவும் படிச்சிடுச்சு, நம்ம வீட்ல ரெண்டு பேரு ஆச்சு" என்றார் அப்பா. அந்த வாக்கியத்தில் முதல் ஆள் நான் என்பதுதான் எனக்குக் கேட்டது.

ஏனென்றால் அந்த வயதில் எனக்குத் தலைக்கனம் உண்டு. இப்போதும் உண்டு, ஆனால் இப்போது அதற்குச் சம்பளம் வருகிறது. எங்கள் தெருவுக்கு வரும் எந்தக் காகிதமும் என்னிடம்தான் வரும். கரண்ட் கார்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை. அப்பா கூட்டிக்கொண்டுபோய் நிறுத்துவார். "எம்பொண்ணு படிக்கும்" என்பார். நான் படிப்பேன். பெரியவர்கள் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அந்த நிமிஷத்துக்காகத்தான் நான் பள்ளிக்கூடமே போனேன் என்று நினைக்கிறேன்.

அப்படித்தான் அன்றைக்கும். சனிக்கிழமை. தோட்டத்துக்குப் புதிதாக ஒரு களைமருந்து வந்திருந்தது. கேனோடு ஒரு காகிதம், மடித்து மடித்துத் தீப்பெட்டி அளவுக்கு ஆக்கியது. பிரித்தால் பாய் மாதிரி விரிந்தது. ஏகப்பட்ட பாஷைகள், எறும்பு வரிசை போல எழுத்து. அதில் தமிழ் எந்த மடிப்பில் இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்ததே நான்தான். சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றார்கள். நான் எழுத்துக் கூட்டித் தொடங்கினேன். அப்போதுதான் மேஸ்திரி கேட்டார், படிக்குதா ஒப்பிக்குதா என்று. எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார், ஆனால் அவர் காது சிவந்துவிட்டது.

எனக்கு ரோஷம். குரலை உயர்த்தி, ஒரு எழுத்துத் தடுக்காமல், ஒரு டேங்க் தண்ணீருக்கு எவ்வளவு கலக்கவேண்டும், காற்று அடிக்கும்போது தெளிக்கக் கூடாது, எந்தப் பக்கம் நின்று தெளிக்கவேண்டும் என்பது வரைக்கும் ஒரே மூச்சில் படித்தேன். "அடேயப்பா" என்றார் மேஸ்திரி. "போதும் போதும், கலக்குற அளவு தெரிஞ்சா சரி." யாரோ கை தட்டினார்கள். அப்பா என் தலையில் கை வைத்தார்.

நான் அங்கேயே நிறுத்திவிட்டேன். இன்னும் ஒரு மடிப்பு பாக்கி இருந்தது. கை தட்டிய பிறகு யாராவது தொடர்ந்து படிப்பார்களா, சொல்லுங்கள். காகிதத்தை மடித்து என் பாவாடைப் பையில் வைத்துக்கொண்டேன், பரிசு வாங்கியவள் போல.

அன்று சாயங்காலம் அப்பாவும் மற்றவர்களும் தெளித்தார்கள். மறுநாள் ஞாயிறு காலை நான் ஹெச்.எம்.முக்குப் புல் அறுக்கப் போனேன். தினமும் போகிற வாய்க்கால் கரையில் புல் கட்டையாகிவிட்டிருந்தது. தோட்டத்து வரப்பில் தளதளவென்று நின்றது. களைமருந்து அடித்த புல் உடனே கருகாது. இரண்டு மூன்று நாள் பச்சையாகவே நிற்கும். அது எனக்குத் தெரியாது. ஒரு கூடை அறுத்துக்கொண்டு வந்தேன். ஹெச்.எம். ஆசையாகத் தின்றது. அதன் தாடை பக்கவாட்டில் அசைவதைப் பார்த்துக்கொண்டே வீட்டுப்பாடம் எழுதினேன்.

திங்கட்கிழமை அது சாப்பிடவில்லை. செவ்வாய்க்கிழமை நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது மட்டையின் மேல் கால்களை நீட்டிப் படுத்திருந்தது. வழக்கமாகப் படுப்பது போலவேதான். அம்மா வாசலில் நின்று அப்பாவைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"மருந்தடிச்ச கையோட தூக்குனீங்க. கைய கழுவிட்டுத் தொடுங்கன்னு எத்தன தடவ சொன்னேன். வாயில்லா சீவன கொன்னுட்டீங்க."

அப்பா தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவை கறுப்பாகத்தான் இருந்தன. எப்போதும் இருக்கிற மாதிரி. அம்மா சொன்னதை அவர் நம்பிவிட்டார். கையே சாட்சி சொல்லும்போது எப்படி நம்பாமல் இருப்பார்?

எனக்கு அழுகை வரவில்லை. ஒன்றும் வரவில்லை. முட்டி போட்டு உட்கார்ந்து அதன் வெள்ளை நுனிக் காதைத் தொட்டேன். பிறகு சட்டை மாற்றினேன். கஞ்சி குடித்தேன்.

இரண்டு வாரம் கழித்து, அந்தக் காகிதத்தை எடுத்துத் திரும்பவும் படித்துப் பார்க்க ஆசை வந்தது. என் வெற்றியை நானே இன்னொரு தடவை கேட்கவேண்டும் என்று. கடைசி மடிப்பைத் திறந்தேன். தெளித்த இடத்தில் ஆடுமாடுகளை மேயவிடக் கூடாது, அங்கே அறுத்த புல்லைத் தீவனமாகப் போடக் கூடாது என்று இருந்தது. எழுத்துக் கூட்டவே தேவைப்படவில்லை. சின்னச் சின்ன வார்த்தைகள்.

யாரிடமும் சொல்லவில்லை.

அந்தப் புல்தானா என்று இன்றும் நிச்சயம் கிடையாது. போன வாரம் ஒரு கால்நடை டாக்டரிடம், ஏதோ பொதுவாகக் கேட்பது போலக் கேட்டேன். "ஈரப் புல்லா இருந்தாலும் வயிறு உப்பிப் போயிடும். வெயில்ல போயிருக்கலாம். முயல் சாகுறதுக்குக் காரணமே வேணாம்மா" என்றார். கடந்த பதினாறு வருடத்தில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய ஆறுதல் அதுவாக இருந்திருக்கவேண்டும். பஸ்ஸில் உட்கார்ந்து அதை மறுபடி சொல்லிப் பார்த்தேன். உள்ளே எதுவும் அசையவில்லை. முயல் எதனால் செத்தது என்பது மட்டும் என் பிரச்சினையாக இருந்திருந்தால் அசைந்திருக்கலாம்.

அப்பா அதன்பிறகு ஒரு மிருகத்தையும் தொடவில்லை. தெருவில் ஆட்டுக்குட்டி வந்து காலில் உரசினால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். பக்கத்து வீட்டில் கைக்குழந்தையை நீட்டினால், "என் கை ஆவாதும்மா" என்று விலகிப்போவார். சுண்ணாம்பு போட்டும் புளி போட்டும் தேய்ப்பார். கறை போகவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பத்தாம் வகுப்பில், பன்னிரண்டில், பார்மசி படிக்கும்போதெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு தடவையும், இப்போது சொன்னால் என்ன என்று தோன்றும். சொன்னால் அடுத்த காகிதத்தை என்னிடம் நீட்டுவாரா என்றும் தோன்றும். இரண்டாவது யோசனைதான் ஒவ்வொரு தடவையும் ஜெயித்தது. அவருக்கு அவர் கை போனது. எனக்கு "எம்பொண்ணு படிக்கும்" பத்திரமாக இருந்தது.

அம்மாவுக்கு இதெல்லாம் மறந்தேபோய்விட்டது. முயல் வாங்கப்போகிறேன் என்று சொன்னபோது, "அன்னிக்கு ஒண்ணு இருந்துச்சே, நாய் தூக்கிட்டுப் போச்சே" என்றாள். அவள் சொன்ன வார்த்தையை இன்னொருவர் பதினாறு வருடமாகச் சுமக்கிறார் என்பது அவளுக்குத் தெரியாது. அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

மருந்துக்கடையில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: கடைசி வரி. மாத்திரைப் பெட்டிக்குள் இருக்கும் காகிதத்தைப் பிரித்து, கவுண்டரில் நிற்கிறவர்களுக்கு முழுவதும் சொல்லுவேன். "அம்மா தாயே, சாப்பாட்டுக்கு முன்னாலயா பின்னாலயா, அத மட்டும் சொல்லு. பஸ் போயிடும்" என்பார்கள். நான் விடமாட்டேன். பொறுப்பான பொண்ணு என்று முதலாளி நினைக்கிறார். நினைக்கட்டும்.

இந்த வாரம் அந்த வியாதி புல்லுக்கும் பரவிவிட்டது. கோயில் பக்கம் பசுவுக்குக் கொடுப்பதற்காக அகத்திக்கீரையும் புல்லும் கட்டுக்கட்டாக விற்கும் ஒரு அக்கா இருக்கிறார்.

"இது எந்தத் தோட்டத்துப் புல்லு அக்கா? மருந்து அடிச்சதா?"

"என்னது?"

"இல்ல, களைமருந்து ஏதாவது..."

"இத்தன வருசமா விக்கிறேன் கண்ணு. மாடு கேட்டதில்ல. மாட்ட வச்சிருக்கவங்களும் கேட்டதில்ல. நீ யாரு, புல்லு இன்ஸ்பெக்டரா?"

பக்கத்தில் பூ விற்கிறவர் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். வாங்கவில்லை. மொட்டைமாடியில் பழைய பெயிண்ட் வாளிகளிலும் ஒரு தெர்மாகோல் பெட்டியிலும் நானே புல் விதைத்து ஒரு மாதம் ஆகப்போகிறது. அதாவது குட்டிக்குச் சொல்லி வைத்த மறுநாளே. இப்போது விரல் நீளத்துக்கு மேல் வந்துவிட்டது. காலையில் தண்ணீர் ஊற்றும்போது மாமி கீழிருந்து, "விவசாயம் எப்படி இருக்கு?" என்று கேட்பார்.

மறுபடியும் போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அப்பா மட்டைகளைப் பரப்பி முடித்துவிட்டு எழுந்து நின்று வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தார். திருப்தியாக இருந்தது அவருக்கு.

"எல்லாம் ஆச்சு பாப்பா. தூக்கி வைக்கறது மட்டும் நீ பாத்துக்க. நான் கிட்ட வரமாட்டேன்."

"ஏம்ப்பா?"

"தெரியாதா உனக்கு? என் கை ஆவாது."

சாதாரணமாகச் சொன்னார். எனக்கு சர்க்கரை இருக்கு, இனிப்பு வேண்டாம் என்று சொல்கிற மாதிரி.

நான் எழுந்து பீரோவைத் திறந்தேன். சர்டிபிகேட் பைல். டி.சி., மார்க் ஷீட், பட்டம், எல்லாவற்றுக்கும் அடியில் அந்தக் காகிதம். மடிப்புகளில் கிழிந்து, பழுப்பேறிப் போயிருந்தது. அப்பாவுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தேன். "அன்னிக்குத் தோட்டத்துல படிச்சேனே, அந்தப் பேப்பர்" என்றேன். அவர் அதை உடனே அடையாளம் கண்டுகொண்டார். முகம் மலர்ந்தது. "வச்சிருக்கியா! மேஸ்திரி வாயடைச்சுப் போனான்ல அன்னிக்கு" என்றார். நான் தலையை நிமிர்த்தாமல் முதல் வரியிலிருந்து படித்தேன். கலக்கும் அளவு வந்தது. காற்று வந்தது. கை தட்டிய இடம் வந்தது. தாண்டினேன். கடைசி மடிப்பைப் படித்தேன்.

பிறகு வரப்பில் புல் அறுத்ததைச் சொன்னேன். இரண்டு வாரம் கழித்து இதைப் பார்த்ததைச் சொன்னேன். கவுண்டரில் நின்று சொல்வது போலவே சொன்னேன்.

கீழே மாமி வீட்டுக் குக்கர் மூன்று விசில் அடித்தது.

"இது அன்னிக்கும் இதுலயே இருந்துச்சா?"

"இருந்துச்சுப்பா."

"ம்."

கைகளைத் திருப்பிப் பார்த்தார். ஒரு பக்கம், மறு பக்கம். பிறகு, "இன்னொருக்கா படி. கடைசில உள்ளத" என்றார். படித்தேன். முடித்ததும் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார். திட்டியிருக்கலாம். திட்டவில்லை. படியிறங்கும்போது வழக்கமாகச் சொல்லும் "போயிட்டு வரேன்" மட்டும் சொன்னார்.

புதன்கிழமை போன் செய்தார். அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் எழுதிக்கொடுத்த சீட்டை யாரையோ விட்டுப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். நான் படித்துச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"அவ்ளோதானா? கீழ வரைக்கும் பாத்தியா?"

"பாத்துட்டேன்ப்பா."

"திருப்பி ஒருதடவ பாரு."

பார்த்தேன். அவ்வளவுதான் இருந்தது. போனை வைத்தபின்தான் தெரிந்தது, இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் அப்படிக் கேட்டது இதுவே முதல் தடவை என்று. வாழைத்தோட்டம் பிளாட் ஆகிவிட்டது. மேஸ்திரி காலமாகிவிட்டார். ஹெச்.எம்.மைப் புதைத்த இடத்தில் யாரோ கார் நிறுத்துகிறார்கள். அதெல்லாம் போனது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஒரு காகிதத்தை என்னிடம் நீட்டிவிட்டு, நான் வாயைத் திறப்பதற்கு முன்பே தலையாட்டத் தொடங்கும் ஒரு மனிதர் இருந்தார். அவர் புதன்கிழமையோடு இல்லை. நியாயம்தான். எனக்கு வலிக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

நேற்று நானே போன் செய்தேன். "நாளைக்குக் குட்டிய எடுக்க எனக்கு லீவு இல்லப்பா. நீங்க போய்த் தூக்கிட்டு வாங்க" என்றேன். இன்று ஞாயிறு; எனக்கு லீவு என்பது அவருக்கும் தெரியும். "எந்த பஸ்ஸு?" என்று கேட்டார்.

காலையில் முதல் பஸ்ஸில் ஜீயபுரத்திலிருந்து வந்துவிட்டார். டீ குடித்தார். திருவெள்ளறையில் யாரைப் பார்க்கவேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். கண்டக்டரிடம் காட்டிக்கொள்கிறேன் என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். முயலுக்காக ஒரு மூடி போட்ட கூடை வாங்கி, உள்ளே துணி விரித்து, கதவோரம் தயாராக வைத்திருந்தேன். அவர் குழாயில் கை கழுவினார். ஒரு தடவைதான் கழுவினார். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். திருவெள்ளறை வழியாகப் போகும் துறையூர் பஸ் போய் ஒரு மணி நேரம் ஆகிறது.

கூடை கதவோரத்திலேயே இருக்கிறது. மறந்துவிட்டுப் போனாரா, கையே போதுமென்று விட்டுப் போனாரா தெரியவில்லை. போன் செய்து கேட்கவில்லை. மொட்டைமாடிக்குப் போய்த் தெர்மாகோல் பெட்டியிலிருந்த புல்லை அறுத்து, அலசி, ஈரம் போக நிழலில் பரப்பிவிட்டு வந்திருக்கிறேன்.